நான்கு சீட்டு, ஒரே விடை: ‘24’ ஆட்டத்தை வீட்டில் ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் கணக்கைக் கொடுத்துவிட்டு விடையைக் கேட்பார்கள். இந்த ஆட்டத்தில் விடையைக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கேட்கிறார்கள். விடை எப்போதும் 24. நடுவில் நான்கு சீட்டுகள் திறந்து கிடக்கும். அவற்றிலுள்ள நான்கு எண்களையும் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ 24-ஐக் கொண்டுவர வேண்டும். முதலில் வழி கண்டுபிடிப்பவருக்கு அந்த நான்கு சீட்டும் சொந்தம். விதி இவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆடலாம்.

சீன நகரமான ஷாங்காயில் 1960-களிலிருந்தே பிள்ளைகள் சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்து இதை ஆடிவந்திருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த ராபர்ட் சன் 1988-ல் இதைத் தனி அட்டைகளாக அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த அட்டை ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள் இருக்கும். எளிது, நடுத்தரம், கடினம் என்பதைக் காட்ட ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் அது பரவலாகப் பிடித்துப்போனது. நம் வீட்டுக்குச் சாதாரணச் சீட்டுக்கட்டே போதும். என்னைக் கேட்டால் அதுதான் சுவையும்கூட. அச்சிட்ட அட்டையில் விடை இருப்பது உறுதி. சீட்டைக் கலைத்துப் போடும்போதோ விடை இருக்கிறதா என்பதே தெரியாது.

சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் உள்ள வீடாக இருந்தால், முதல் இரண்டு சுற்றுகளில் அவர்களையும் உட்காரவைத்துவிடுங்கள். இதில் பந்தயம் கட்ட இடமே இல்லை என்பது தானாகப் புரிந்துவிடும்.

தயாரிப்பு

ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஜோக்கர்களையும், ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய படச்சீட்டுகளையும் விலக்கிவிடுங்கள். மீதி 40 சீட்டுகள். ஏஸ் என்றால் 1. மற்றவை சீட்டில் உள்ள எண்ணே. சிவப்பு, கறுப்பு, ஸ்பேடு, டைமண்ட் எதற்கும் இங்கே மதிப்பில்லை. 40 சீட்டில் நான்கு நான்காகப் பத்துச் சுற்று ஆடலாம். பழகாதவர்களுக்கும் அரை மணி நேரத்துக்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் சத்தம்தான் மிஞ்சும். அணி பிரித்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் சீட்டு நேராகத் தெரிய வேண்டுமென்று யோசிக்க வேண்டாம். எண்கள் இரண்டு மூலையிலும் இருப்பதால் வட்டமாக உட்கார்ந்தாலே போதும்.

காகிதமும் பேனாவும் கையில் வேண்டாம். இதில் நான் கறாராக இருப்பேன். எழுத ஆரம்பித்ததும் இது வீட்டுப்பாடமாகிவிடும். வேண்டுமானால் ஒரே ஒரு தாளைத் தனியாக வைத்து, தகராறு வந்தால் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

சீட்டுகளை நன்றாகக் கலைத்து, கட்டைக் கவிழ்த்து நடுவில் வையுங்கள். ஒருவர் மேலிருந்து நான்கு சீட்டை எடுத்து ஒரே நேரத்தில் திறந்து போடுகிறார். ஒவ்வொன்றாகத் திறந்தால் போடுபவர் முதலில் பார்த்துவிடுவார் என்று சண்டை வரும். ஆகவே நான்கையும் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்லித் திருப்புங்கள்.

வழி கண்டுபிடித்தவர் கையைத் தரையில் தட்டி “இருபத்துநாலு” என்கிறார். உடனே எல்லோரும் அமைதி. தட்டியவர் தன் வழியைச் சொல்ல வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணும் நேரம் தருவது வழக்கம். சரியாக இருந்தால் நான்கு சீட்டும் அவருக்கு. தவறினால் அந்தச் சுற்றில் அவர் வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள் தொடர்வார்கள்.

விதிகள் நான்கே:

நான்கு எண்களையும் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர வேறெதுவும் கூடாது. வர்க்கம், வர்க்கமூலம் எதற்கும் இடமில்லை. இரண்டு எண்களை ஒட்டவைக்கவும் கூடாது: 2-ஐயும் 4-ஐயும் பக்கத்தில் வைத்து “இதோ 24” என்று ஒரு குறும்புக்காரன் நிச்சயம் சொல்வான்.

புதிதாக ஆடுபவர்கள் வழுக்கி விழும் இடம் முதல் விதிதான். சீட்டில் 4-ம் 6-ம் தெரிந்ததுமே “நாலாறு இருபத்துநாலு” என்று தட்டிவிடுவார்கள். மற்ற இரண்டு சீட்டும் பேசாமல் கிடக்கும். அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் 24 குலையக் கூடாது.

எந்த இரண்டு எண்களை முதலில் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். எழுதினால் அடைப்புக்குறி போட வேண்டியதைப் பேச்சில் வரிசையாகச் சொன்னால் போதும்: “5-ஐயும் 7-ஐயும் கூட்டுகிறேன், 12. அதில் 8-ஐக் கழிக்கிறேன், 4. ஆறால் பெருக்குகிறேன்.” இடையில் பின்னம் வந்தாலும் குறை எண் வந்தாலும் தவறில்லை. கடைசியில் 24 வந்தால் சரி.

ஏன் 24?

20 அல்லது 25 என்று வைத்திருந்தால் இந்த ஆட்டம் இவ்வளவு நாள் பிழைத்திருக்காது. 24-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எட்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இப்படி எட்டு வகுஎண்கள் கொண்ட மிகச் சிறிய எண் இதுதான். அதாவது 24-க்குள் நுழைய வாசல்கள் பல. நாலாறும் இருபத்துநாலு, மூவெட்டும் இருபத்துநாலு, பன்னிரண்டை இரட்டித்தாலும் இருபத்துநாலு. வாய்ப்பாடு ஒப்பித்த காலத்தில் காதில் விழுந்த இந்த வரிகள்தான் ஆட்டத்தின் முக்கால் பங்கு.

கண் பழக வேண்டிய விதம்

நான்கு எண்களை வைத்துக்கொண்டு கிடைத்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கிப் பார்ப்பது பலருக்கும் இயல்பாக வரும். அது காட்டில் வழி தேடுவது போலத்தான். விடை முன்பே தெரியும் என்பதால், விடையிலிருந்து பின்னோக்கி வருவது எளிது. ஓர் எடுத்துக்காட்டை மெதுவாகப் பார்ப்போம்.

திறந்த சீட்டுகள்: 5, 6, 7, 8.

கூட்டிப் பார்த்தால் 26. வெகு அருகில் வந்துவிட்டு நழுவுகிறது. இப்போது வாசல்களைத் தேடுங்கள். 6 இருக்கிறது. அதைத் தனியே பிடித்துக்கொண்டால் எனக்கு வேண்டியது 4. மிச்சமிருக்கும் 5, 7, 8-ஐ வைத்து 4 வருமா? 5-ம் 7-ம் 12. எட்டைக் கழித்தால் 4. முடிந்தது:

(5 + 7 − 8) × 6 = 24

இதே நான்கு சீட்டில் இன்னொருவர் வேறு வாசலில் நுழைந்திருப்பார். 5-ம் 7-ம் 12 என்று பார்த்ததுமே அவருக்கு வேண்டியது 2. மீதி 8-ம் 6-ம். வித்தியாசம் 2.

(5 + 7) × (8 − 6) = 24

மூன்றாமவருக்கு வாய்ப்பாடு நாக்கில் இருக்கிறது: ஆறெட்டு நாற்பத்தெட்டு. அதில் பாதி 24. பாதியாக்க ஒரு 2 வேண்டும். 7-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் 2.

6 × 8 ÷ (7 − 5) = 24

மூன்று பேரும் ஒரே சீட்டைத்தான் பார்த்தார்கள். முதலில் தட்டியவருக்குத்தான் சீட்டு என்றாலும், மற்ற இருவரையும் தங்கள் வழியைச் சொல்லவிடுங்கள். ஆட்டத்தில் மிகவும் சுவையான நேரம் அதுதான். “அட, இப்படியும் வருமா!” என்று யாராவது சொல்லாத சுற்று சப்பென்று போய்விடும்.

இனி, தேடும் வரிசை. நான் பரிந்துரைப்பது இது:

முதலில் நான்கையும் சும்மா கூட்டிப் பாருங்கள். 3, 4, 8, 9 வந்தால் கூட்டினாலே 24. பெருக்கலையே தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கோட்டை விடுவார்கள். கூட்டல் மட்டும் தெரிந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை தட்டிவிடும்.

அடுத்து, வாசல் எண்கள். 3 இருந்தால் மற்ற மூன்றில் 8 வருமா, 8 இருந்தால் 3 வருமா, 4 இருந்தால் 6, 6 இருந்தால் 4, 2 இருந்தால் 12. 3, 7, 8, 9 வந்தது என்று வையுங்கள். 8-ஐப் பிடித்தால் 3, 7, 9-ல் 3 வர வேண்டும். தேடிப் பார்த்தால் கிடைக்கவில்லை. உடனே 3-ஐப் பிடியுங்கள். 7, 8, 9-ல் 8 வர வேண்டும். 7-ம் 9-ம் 16, அதில் 8 போனால் 8. ஆக, 3 × (7 + 9 − 8) = 24. ஒரு வாசல் அடைத்திருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவது, பூச்சியமும் ஒன்றும். இரண்டு சீட்டில் 24 வந்துவிட்டது, மற்ற இரண்டு இடைஞ்சலாக இருக்கின்றன என்றால், அந்த இரண்டையும் காணாமல் போக்க முடியுமா என்று பாருங்கள். சமமான சீட்டுகளாக இருந்தால் கழித்துப் பூச்சியமாக்கலாம்: 3, 5, 5, 8 என்றால் 3 × 8 + 5 − 5. அடுத்தடுத்த எண்களாக இருந்தால் கழித்து ஒன்றாக்கி, அதனால் பெருக்கலாம்: 4, 6, 7, 8 என்றால் 4 × 6 × (8 − 7). இந்த ஒரு தந்திரம் கைவந்தாலே நிறையச் சுற்றுகளைப் பிடித்துவிடலாம்.

நான்காவது, 24-க்கு அக்கம்பக்கத்தில் வரும் பெருக்கல்கள். ஐயைந்து இருபத்தைந்து, ஒன்று கழித்தால் வேலை முடிந்தது. ஆகவே 5, 5, 6, 7 என்றால் 5 × 5 − (7 − 6). ஐயாறு முப்பதில் ஆறு கழிக்கலாம்: 2, 3, 5, 6 என்றால் 5 × 6 − 2 × 3. நான்கு பத்து நாற்பதிலிருந்து 16 போகலாம். ஈரெட்டு பதினாறு என்று கிடைத்தால் 8 கூட்ட வேண்டும். முப்பத்திரண்டு என்றால் 8 கழிக்க வேண்டும்: 2, 7, 8, 9-ல் 2 × (7 + 9) − 8. நாற்பத்தெட்டைப் பாதியாக்கலாம், எழுபத்திரண்டை மூன்றால் வகுக்கலாம். இவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பத்து ஆட்டம் ஆடினால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

5, 7, 9, 10 ஆகியவை 24-ஐ வகுக்காத எண்கள். இவை வரும்போது புதியவர்கள் கையைத் தூக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு சின்ன எண் இருந்தால் இவையும் வழிக்கு வந்துவிடும். 10-ல் 2 போனால் 8, 4 போனால் 6. 9-ல் 1 போனால் 8, 3 போனால் 6. 7-உடன் 1 சேர்ந்தால் 8, ஒன்று குறைந்தால் 6. அதனால்தான் அனுபவசாலிகள் ஏஸையும் 2-ஐயும் கண்டால் மகிழ்வார்கள்.

முரட்டுச் சீட்டுகள்

சில கூட்டங்கள் முழு எண்களுக்கு மசியவே மாட்டா. பின்னத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேருவது இவற்றிடம்தான்.

புகழ்பெற்ற ஒன்று: 1, 3, 4, 6.

பேத்தி முதலில் “நாலாறு இருபத்துநாலு” என்பாள். 3-ம் 1-ம் மீதி. கழித்தால் 2, கூட்டினால் 4, வகுத்தால் 3. எதுவும் பூச்சியமோ ஒன்றோ ஆகாது. பிறகு 3-ஐப் பிடித்து 8 தேடுவாள், கிடைக்காது. “இது வராது பாட்டி, அடுத்ததைப் போடலாம்” என்பாள்.

பாட்டி ரூபாயில் யோசிக்கிறார் என்று வையுங்கள். “3-ஐ 4-ஆல் வகுத்தால் என்னம்மா?”

“முக்கால்.”

“ஒரு ரூபாயில் முக்கால் ரூபாய் போனால் மீதி?”

“கால் ரூபாய்.”

“நாலணா. சரி, ஆறு ரூபாயை நாலணாவாக மாற்றினால் எத்தனை நாலணா கிடைக்கும்?”

ஒரு ரூபாய்க்கு நான்கு. ஆறு ரூபாய்க்கு இருபத்துநான்கு.

6 ÷ (1 − 3 ÷ 4) = 24

25 காசு நாணயம் இந்தியாவில் 2011 ஜூன் 30-உடன் செல்லாததாகிவிட்டது. நாலணா, எட்டணா என்று எண்ணிப் பழகிய தலைமுறைக்கு மட்டும் இந்த ஆட்டத்தில் இன்னும் அது செல்லுபடியாகிறது. பின்னத்தால் வகுப்பது என்றால் தலைகீழாகத் திருப்பிப் பெருக்குவது என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். ஏன் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ‘ஆறுக்குள் எத்தனை கால் இருக்கிறது’ என்று கேட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கே வேலையில்லை.

இதன் அண்ணன் 3, 3, 8, 8. எட்டை மூன்றால் வகுத்தால் இரண்டும் மூன்றில் இரண்டு பங்கும். மூன்றிலிருந்து அதைக் கழித்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். எட்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு எத்தனை? மூவெட்டு இருபத்துநாலு. 8 ÷ (3 − 8 ÷ 3) = 24. எண்கள் முகத்திலேயே 3-ம் 8-ம் நின்றுகொண்டிருந்தும் நேர் வழி இல்லாததுதான் இதன் விஷமம்.

இன்னொரு குடும்பம் இருக்கிறது: 3, 3, 7, 7. ஏழு மூன்று இருபத்தொன்று, அதோடு மூன்று சேர்த்தால் 24. ஆனால் ஒரு 7 கையில் மிஞ்சுகிறது. அதை எங்கே ஒளிப்பது? உள்ளே வகுத்தியாக ஒளிக்கலாம்: 7 × (3 + 3 ÷ 7). வெளியே உள்ள 7 உள்ளே போய்ப் பெருக்கும்போது, அங்கே வகுக்கும் 7-ஐத் தின்றுவிடும். மிஞ்சுவது 21-ம் 3-ம். இதே முறையில் 4, 4, 7, 7 என்றால் 28-லிருந்து 4 கழிகிறது: 7 × (4 − 4 ÷ 7). 1, 5, 5, 5 என்றால் 25-லிருந்து 1: 5 × (5 − 1 ÷ 5). 2, 4, 10, 10 என்றால் 20-உடன் 4: 10 × (2 + 4 ÷ 10). ஒன்றைப் புரிந்துகொண்டால் நான்கும் கைக்கு வந்துவிடும். ஒரே பெரிய எண் இரண்டு முறை வந்திருப்பதுதான் அடையாளம்.

“இது வராது” என்று எப்போது சொல்வது?

1 முதல் 10 வரையுள்ள எண்களில் நான்கு நான்காக எடுத்தால் மொத்தம் 715 கூட்டங்கள். அவற்றில் 566-க்கு விடை உண்டு, 149-க்கு இல்லை. ஆகவே “வராது” என்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

சில கூட்டங்களைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடலாம். நான்கு ஏஸ் வந்தால் என்ன செய்தாலும் 4-ஐத் தாண்டாது. நான்கு 2 வந்தால் 16-தான் உச்சம். மூன்று ஏஸும் ஓர் 8-ம் வந்தால் (1 + 1 + 1) × 8 என்று பிடித்துவிடலாம். அதே மூன்று ஏஸுடன் 7 வந்தால் 21-க்கு மேல் ஏறவே ஏறாது. நான்கும் ஒரே எண்ணாக வந்தால் 3, 4, 5, 6 ஆகியவைதான் கைகொடுக்கும்: 3 × 3 × 3 − 3, 4 × 4 + 4 + 4, 5 × 5 − 5 ÷ 5, ஆறு நான்கு முறை கூட்டினால் 24.

ஏமாற்றும் கூட்டமும் உண்டு. 3, 4, 6, 7-ஐப் பாருங்கள். வாசல் எண்கள் மூன்று இருக்கின்றன. நாலாறு கண்ணெதிரே நிற்கிறது. ஆனாலும் எப்படிப் புரட்டினாலும் 24 வராது. தெரியாதவர் வீட்டில் இதைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அமைதியைச் சம்பாதிக்கலாம். ஆனால் பிறகு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டு விதியாக நான் சொல்வது: யாராவது “வராது” என்றால் மற்றவர்களுக்கு ஒரு நிமிடம். எல்லோரும் ஒத்துக்கொண்டால் நான்கு சீட்டையும் கட்டுக்குள் திருப்பிச் செருகிக் கலைத்துவிடலாம். அந்த ஒரு நிமிடத்துக்குள் யாராவது வழி காட்டிவிட்டால், “வராது” என்றவர் தான் வென்றுவைத்த சீட்டில் நான்கை அவருக்குக் கொடுக்க வேண்டும். இந்த அபராதம் இல்லையென்றால் சோம்பேறிகள் எல்லாவற்றுக்கும் “வராது” என்பார்கள்.

எல்லோரும் ஒரே வேகத்தில் இல்லாத வீட்டில்

உண்மையான சிக்கல் இதுதான். கல்லூரியில் படிக்கும் அண்ணன் பத்துச் சுற்றையும் வாரிக்கொண்டு போனால், தம்பி மறுநாள் சீட்டைத் தொடமாட்டான். வேகத்தை மட்டும் பரிசாக வைத்தால் குடும்பத்தில் ஒருவர்தான் ஆடுவார். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே பாரத்தைப் பெரியவர்கள் தலையில் ஏற்றுங்கள்.

எளிய வழி, வேகமானவர் வழி கண்ட பிறகும் மனதுக்குள் இருபது எண்ணிவிட்டுத்தான் தட்ட வேண்டும் என்பது. நேர்மையைச் சார்ந்த விதி என்பதால் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. எனக்குப் பிடித்தது வேறொன்று: பெரியவர்கள் தட்டினால் இரண்டு வெவ்வேறு வழிகள் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்கு ஒன்று போதும். இரண்டாவது வழி தேடும் நேரத்தில் பிள்ளை எட்டிப்பிடித்துவிடும். பெரியவருக்கும் ஆட்டம் உண்மையாகவே கடினமாகிறது. விட்டுக்கொடுப்பது போல நடிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அந்த நடிப்பு ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

பெருக்கல் இன்னும் தெரியாத சின்னஞ்சிறுசுகளுக்கு ஒரு முன்னோட்ட ஆட்டம் உண்டு. 10-களையும் எடுத்துவிடுங்கள், ஏஸ் முதல் 9 வரை 36 சீட்டு மிஞ்சும். பன்னிரண்டு சீட்டைத் திறந்து பரப்புங்கள். பத்து வரும் ஜோடியைக் கண்டவர் எடுத்துக்கொள்ளலாம்: 1-9, 2-8, 3-7, 4-6, 5-5. காலியான இடத்தில் புதுச் சீட்டு போடுங்கள். பரப்பியதில் ஜோடியே இல்லையென்றால் இன்னும் இரண்டு சீட்டைத் திறக்கலாம். ஒவ்வோர் எண்ணிலும் நான்கு சீட்டு இருப்பதால் கடைசியில் ஒரு சீட்டுகூட மிஞ்சாமல் 18 ஜோடிகளாக முடியும். மிஞ்சினால் எங்கோ தவறான ஜோடி போயிருக்கிறது என்று பொருள். யார் குவியலில் என்று தேடுவதே அவர்களுக்கு இன்னோர் ஆட்டம்.

அடுத்த படி, ‘24-க்கு யார் அருகில்’ என்பது. நான்கு சீட்டு திறந்து, ஒரு நிமிடம் கழித்து ஒவ்வொருவரும் தன் விடையைச் சொல்ல வேண்டும். 24 வந்தவருக்கு இரண்டு மதிப்பெண். யாருக்கும் வரவில்லையென்றால் மிக அருகில் வந்தவருக்கு ஒன்று. இதில் “வராது” என்ற பேச்சுக்கே இடமில்லை. 23 வரை வந்த பிள்ளை இன்னும் ஒன்றைத் தேடி விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கும்.

தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளையை ஓர் அணியாகவும், அப்பா அம்மாவை எதிரணியாகவும் உட்காரவைப்பது நன்றாக ஒத்துப்போகும். கிசுகிசுத்துக்கொள்ள அனுமதி உண்டு.

படச்சீட்டும் சேர்ந்தால்

40 சீட்டு சலித்துப்போன பிறகு படச்சீட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13. இப்போது கூட்டங்கள் 1820 ஆகின்றன. விடை உள்ளவை 1362. ராணி நல்லவள், 24-இல் பாதி. ராஜாவும் ஜாக்கியும் தனித்தனியே வந்தால் தொல்லை. இருவரும் ஒன்றாக வந்தால் கூட்டினாலே 24, கழித்தால் 2. ஆகவே 4, 8, 11, 13 என்றால் (4 + 8) × (13 − 11). 5, 5, 11, 13 என்றால் 11 + 13 + 5 − 5.

சீட்டே இல்லாத நேரத்திலும் ஆடலாம். பஸ்ஸில் போகும்போது முன்னால் செல்லும் வண்டியின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பூச்சியமும் வரும் என்பது கூடுதல் வசதி. பெரும்பாலும் அதைச் சும்மா கூட்டிக் கடந்துவிடலாம். சிக்னலில் நிற்கும் நேரம் ஒரு சுற்றுக்குச் சரியாக இருக்கும். வண்டி ஓட்டுபவர் மட்டும் இதில் சேரக் கூடாது.

கை பழக ஏழு கூட்டங்கள்

எளிதிலிருந்து கடினத்துக்குப் போகின்றன. விடையைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடமாவது கொடுங்கள்.

2, 3, 4, 5
1, 5, 7, 8
2, 3, 8, 9
4, 7, 9, 10
1, 2, 7, 7
6, 9, 9, 10
1, 4, 5, 6

விடைகள்: முதலாவது 2 × (3 + 4 + 5). இரண்டாவதில் 8-ஐப் பிடித்துக்கொண்டு 3 தேட வேண்டும்: (7 − 5 + 1) × 8. மூன்றாவதில் எட்டை உடைத்தால் வரும்: (9 − 3) × (8 ÷ 2). நான்காவது 4 × 10 − (7 + 9). ஐந்தாவதில் ஏழேழு நாற்பத்தொன்பது என்றதும் ஒன்றைத் தள்ளத் தோன்ற வேண்டும்: (7 × 7 − 1) ÷ 2. ஆறாவது 9 × 10 ÷ 6 + 9. தொண்ணூறை ஆறால் வகுக்கும் எண்ணம் அவ்வளவு சீக்கிரம் வராது. ஏழாவதற்கு இரண்டு வழிகள், இரண்டுமே பின்னத்தின் வழியாக: 4 ÷ (1 − 5 ÷ 6) என்றும் சொல்லலாம், 6 ÷ (5 ÷ 4 − 1) என்றும் சொல்லலாம். பெரியவர்களுக்கு இரண்டு வழி என்ற விதியில் ஆடுகிறவர்கள் இந்தச் சீட்டில் இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.